நாலடிச் சந்து உடன்படிக்கை

ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த வெள்ளை நூல் அறைக்குள் பக்கமாகப் பறந்தது. பாலகுரு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"பாத்தியா? காத்து அங்கேர்ந்து இங்க வருது. இதுதான் ஆதாரம்."

புஷ்பலதா நூலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே நாலடிச் சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் வேதாசலம் சார் வீட்டு மாடிச் சுவர். அந்தச் சுவரில், தெருமுனையில் திரும்பும்போதே கண்ணில் படுகிற மாதிரி, ஏசியின் வெளிப்பெட்டி மாட்டியிருந்தது. அதையும் பார்த்துவிட்டு, புருஷனின் சிவந்த கண்களைப் பார்த்தாள்.

"காத்து வந்தா நல்லதுதானே. படுத்துத் தூங்குங்க."

"வர்றது காத்து இல்ல. அவங்க வீட்டுச் சூடு."

பாலகுருவுக்குப் பகல் தூக்கம் என்பது உத்தியோகத்தில் பாதி. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவன் தரப் பரிசோதகர், நிரந்தர இரவு ஷிப்ட். பிரேக்குக்குள் போகும் சின்ன உருளைகளை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஒதுக்க வேண்டும். ஏப்ரலில் ஒரு நாள் கையில் உருளையோடு நின்றபடியே தூங்கிவிட்டான். சூப்பர்வைசர் அருண்ராஜ் அவனைத் தனியாக அழைத்து, இன்னொரு தடவை கண் மூடினால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். பேக்கிங்குக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக அந்தத் தொழிற்சாலையில் கதை கிடையாது.

ஆகவே பாலகுரு தன் தூக்கத்தைக் கெடுப்பது எது என்று முறைப்படி விசாரிக்க ஆரம்பித்தான். சேலையூருக்குக் குடிவந்து நாலு வருஷம் ஆகிறது. இப்படி ஒரு வேக்காடு இருந்ததில்லை. எப்போது ஆரம்பித்தது? வேதாசலம் வீட்டில் பெட்டி மாட்டிய மாதத்தில்.

"அது பங்குனி மாசம்" என்றாள் புஷ்பலதா. "வெயில் ஆரம்பிக்கிற மாசம்."

அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு சாதனம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவனிடம் பஞ்சாங்கம் பேசக் கூடாது. அவளை உட்காரவைத்து விளக்கினான். ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. வீட்டுக்குள் இருக்கிற சூட்டைக் குழாய்க்குள் ஓடும் ஒரு வாயு உறிஞ்சிக்கொள்கிறது. வெளிப்பெட்டியில் அந்த வாயுவை அழுத்துகிறார்கள். அழுத்தினால் அது இன்னும் சூடாகும். அந்தச் சூட்டை விசிறி வெளியே தள்ளும்.

"அவங்கவங்க வாசலைப் பெருக்கி அடுத்த வீட்டு வாசல்ல குப்பையைத் தள்ளுற மாதிரி. அதோட தொடப்பம் தேயற தூசியும் சேரும். மிஷின் சாப்பிடற கரண்ட்டும் கடைசியில சூடாத்தான் வெளிய வரும். அப்ப, உள்ள எடுத்ததவிட வெளிய கொட்டறது ஜாஸ்தி. உலகம் பூரா இதேதான் நடக்குது. கரண்ட்டுக்கு நிலக்கரி எரிக்கறான். அந்தப் புகை பூமிக்குப் போர்வை போத்துது."

"நீங்க பாத்து அனுப்பற சாமான் எதுல போவுது? கார் புகை விடாதா?"

"நான் பாக்கறது பிரேக்கு. வண்டிய நிறுத்தற பக்கம்."

விசாரணை தொடர்ந்தது. ஒரு நண்பகல் சன்ஷேடில் இறங்கி, கையை நீட்டி அந்தப் பெட்டியைத் தொட்டான். விரல் சுட்டுவிட்டது. வெயிலில் கிடக்கும் தகரம் சுடத்தான் செய்யும் என்று புஷ்பலதா சொன்னாள். விசிறியைக் கவனித்தான். காலையில் அசையாமல் இருக்கும். மத்தியானம் கடற்காற்று கிளம்பி அவன் கண் அசரும் நேரம் பார்த்து மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். இயற்கையே காற்று கொடுக்கும்போது எதற்கு இவர்களுக்கு ஏசி? சத்தமே இல்லை, ஆகவே விலை உயர்ந்த ரகம். தண்ணீர் சொட்டவில்லை, ஆகவே குழாய் வைத்துக் குளியலறைக்குள் மறைத்து விட்டிருக்கிறார்கள். ஒளிக்கிறவன் எதையோ செய்கிறான் என்பது பரிசோதகர்களின் பாலபாடம்.

ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்க் கேட்டான். வேதாசலம் சார் கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை விற்பவர். பொட்டல் வெளியில் நின்றுகொண்டு, இங்கே பூங்கா, அங்கே பள்ளிக்கூடம் என்று கையைக் காட்டினால் வாங்க வந்தவர்கள் அந்தத் திசையில் நிழல் தேடுவார்கள். மனைவி தனம், படிப்பு முடித்து வரன் பார்த்துக்கொண்டிருக்கும் மகள் ஜீவிதா, அவர் என்று மூன்று பேர்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஏசி பகல்லயும் ஓடுதா?"

வேதாசலம் திறந்திருந்த வாசல் வழியாகத் தெருவை ஒரு தடவை பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓடாம?" என்றார், எதிர்வீடு வரைக்கும் கேட்கிற குரலில். "இருபத்தி நாலுல வச்சாலே தனத்துக்குப் போர்வை கேக்குது. என்ன பண்றது சார், பழகிட்டோம்."

தன் நிலைமையைப் பாலகுரு எடுத்துச் சொன்னான். வேதாசலம் அனுதாபமாகத் தலையாட்டி, பார்க்கலாம் என்றார். மனை விற்பவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று பாலகுருவுக்குத் தெரியும்.

அடுத்த நாளே ஒரு பெரிய தகரத்தை வாங்கி வந்து, வருகிற சூடு வந்த வழியே திரும்பிப் போகும்படி ஜன்னலுக்கு வெளியே சாய்த்துக் கட்டினான். தத்துவம் சரிதான். ஆனால் மேற்கு வெயில் தகரத்தில் அடித்து, தகரம் தோசைக்கல்லாகி, ஜன்னல் வழியாக அறையைச் சுட்டது. கொஞ்சநஞ்சம் வந்துகொண்டிருந்த கடற்காற்றும் நின்றது. வேதாசலம் வேண்டுமென்றே இன்னும் அதிகமாகப் போடுகிறார் என்று முடிவு கட்டினான்.

"இனிமே ஒரே வழிதான்" என்று சொல்லி, மாதத் தவணையில் ஓர் ஏசி வாங்கினான்.

முதல் இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாளிலிருந்து சந்தே அடுப்பானது. அவனுடைய வெளிப்பெட்டி கக்கிய சூடு எதிர்ச்சுவரில் மோதித் தகரத்தில் திரும்பி அந்தப் பெட்டிக்கே வந்தது. சுற்றியுள்ள காற்று சூடாக இருந்தால் சூட்டைக் கொட்ட இடமில்லாமல் ஏசி திணறும். திணறினால் அதிகக் கரண்ட் இழுக்கும், இன்னும் சூடாகும். இதைப் பாலகுரு வியர்வையோடு மனைவிக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே மின்வெட்டு வந்தது. அந்தக் கோடையில் மின்வெட்டு விருந்தாளி மாதிரி சொல்லாமல் வந்தது, சொல்லிக்கொண்டு போகவில்லை. அடைத்த ஜன்னல், நின்ற விசிறி, உள்ளே வெந்துகொண்டிருக்கும் பரிசோதகர்.

இதற்கிடையில் தனம் ஒரு காரியம் செய்தாள். பாலகுருவின் பெட்டிக்கு நேர் எதிரே, தன் வீட்டு ஜன்னல் திண்டில் தட்டு வைத்து வடாம் காயப்போட்டாள். மொட்டைமாடியில் ஒரு நாள் ஆவது இங்கே ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. புஷ்பலதாவுக்கும் ஒரு டப்பா கொடுத்தனுப்பினாள்.

"நம்ம கரண்ட்ல அவங்க வடாம்" என்றான் பாலகுரு.

"நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க."

அன்று இரவு அவன் மறுபடி தூங்கிவிட்டான். அருண்ராஜ் பார்க்கவில்லை. ஆனால் கீறல் விழுந்த உருளைகள் ஒரு தட்டு நிறைய நல்ல உருளைகளோடு போய்விட்டன. அடுத்த மேசைக்காரர் பார்த்து நிறுத்தியதால் பிழைத்தான். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் மூடாமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்து சீட்டுக்காரர் மடித்து வைத்துவிட்டுப் போன செய்தித்தாளில், ஜப்பானில் கியோட்டோ என்ற ஊரில் நாடுகள் எல்லாம் கூடி, அவரவர் விடும் புகையைக் குறைத்துக்கொள்ள உடன்படிக்கை போட்ட கதை வந்திருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அதை இரண்டு தடவை படித்துவிட்டான்.

"நாமும் போட்டுக்க வேண்டியதுதான்" என்றான் புஷ்பலதாவிடம்.

"நீங்க அமெரிக்காவா, அவர் சைனாவா?"

பேச்சுவார்த்தை வேதாசலம் வீட்டு மொட்டைமாடியில் சாயங்காலம் நடந்தது. இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று கொல்கின்றன, இருவரும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று பாலகுரு ஆரம்பித்தான். வேதாசலம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். மனைக்கு விலை பேசுகிற முகம் வந்துவிட்டது.

"எங்க வீட்ல மூணு பேர் சார். உங்க வீட்ல ரெண்டு. தலைக்கு இவ்ளோன்னு பாத்தா நீங்கதான் ஜாஸ்தி. நீங்கதான் முதல்ல குறைக்கணும்."

"பெட்டிய முதல்ல மாட்டினது நீங்க. இத்தனை நாள் கொட்டின சூட்டுக்கு என்ன கணக்கு?"

"பழசக் கிளறினா எந்த மனையும் விக்காது சார். என்ன வேணும், சொல்லுங்க."

உங்கள் ஏசி பகலில் ஓடக் கூடாது என்றான் பாலகுரு. வேதாசலம் கண்ணை மூடினார். உள்ளே பார்த்து, தனத்தைக் கூப்பிட்டு, உன்னால் தாங்க முடியுமா என்று கேட்டார். தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுகிறாள் என்று பாலகுருவுக்குச் சங்கடமாகிவிட்டது.

"பகல்ல என்ன, ராத்திரியும் போடல" என்றார் வேதாசலம். "உலகத்துக்காக ஒரு குடும்பம் புழுங்கட்டும். ஆனா சும்மா இல்ல."

அவருடைய நிபந்தனைகள் இவை. இரண்டு மொட்டைமாடிகளுக்கும் பாலகுரு தன் செலவில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். சந்துப் பக்கச் சுவர்களில் வெயில் விழாதபடி கீற்று கட்ட வேண்டும். தகரத்தை எடுத்துவிட வேண்டும். பாலகுருவின் ஏசி பகலில் படுத்தவுடன் ஒரு மணி நேரம் மட்டும்தான் ஓடலாம். கடைசியாக ஒன்று: தெருவில் யார் கேட்டாலும், வேதாசலம் சார் ஏசி வைத்திருந்தும் ஊர் நன்மைக்காகப் போடுவதில்லை என்று சொல்ல வேண்டும்.

"நீங்க போடலங்கறதுக்கு என்ன உத்தரவாதம்?" என்று கேட்டான் பாலகுரு.

"விசிறிய சணல்கயிறு போட்டு நீங்களே கட்டிக்குங்க. போதுமா?"

இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறவரைப் பாலகுரு வாழ்க்கையில் பார்த்ததில்லை. அதனாலேயே சந்தேகம் இரட்டிப்பானது. கயிற்றில் தொழிற்சாலை முடிச்சு போட்டான். தினமும் தூங்கப் போகுமுன் முடிச்சைப் பார்த்தான். அவிழவில்லை. பின்பக்கம் இரண்டாவதாகப் பெட்டி ஏதும் மாட்டியிருக்கிறார்களா என்று பால் வாங்கப் போகிற சாக்கில் சுற்றி வந்து பார்த்தான். இல்லை.

சுண்ணாம்பு அடித்து முடித்தபோது மொட்டைமாடியைப் பார்த்தாலே கண் கூசியது. வெள்ளை, வெயிலைத் தளத்துக்குள் விடாமல் திருப்பி அனுப்பிவிடும். தளம் சூடேறாவிட்டால் கீழே கூரையும் கொதிக்காது. கீற்று நிழலில் சுவர் ஆறியது. தகரம் போனதும் கடற்காற்று சந்துக்குள் மறுபடி வழி கண்டுபிடித்து வந்தது. ஒரே வாரத்தில் ஒரு மணி நேர ஏசிகூட அதிகமாகத் தெரிந்தது. பாலகுரு அதை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, வாய் பிளந்து தூங்கினான்.

"பாத்தியா?" என்றான் புஷ்பலதாவிடம். "அவர் மிஷினை நிறுத்தின உடனே எப்படி ஆயிடுச்சு பாரு. நான் அப்பவே சொன்னேன்."

"சுண்ணாம்பு அடிச்சோமே, அதனால இருக்காதா?"

"அது உதவி. மூலகாரணம் அந்தப் பெட்டி."

தொழிற்சாலையில் அவன் பிடித்த கீறல்களைப் பார்த்து, அருண்ராஜ் பேக்கிங் என்ற வார்த்தையை மறந்துவிட்டார். கம்பெனி பஸ்ஸில் பாலகுரு பிரசங்கமே செய்தான். உலக நாடுகள் வருஷக்கணக்காக முட்டிக்கொள்வதை இரண்டு வீடுகள் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டன. எல்லாம் ஒருவர் மனசு வைத்ததால். நிபந்தனைப்படி மளிகைக் கடையிலும், இஸ்திரி வண்டியிலும், ஷேர் ஆட்டோவிலும் வேதாசலம் சாரின் தியாகத்தைச் சொன்னான். வேதாசலம் தெருவில் நடந்தால் வணக்கம் வைக்க ஆரம்பித்தார்கள். அவரும் உலகத்தைத் தோளில் தூக்கிப்போகிறவரைப் போலக் கொஞ்சம் குனிந்து நடந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, பாலகுரு தூங்கி எழுந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஜீவிதா வந்தாள். கூச்சத்தோடு வாசற்படியிலேயே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்கப் பெருங்களத்தூரிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார். ஏசி இருந்தும் ஊருக்காகப் புழுங்குகிற குடும்பம் என்று கேள்விப்பட்டு உருகிப்போய்விட்டாராம். ஆனால் அவருக்கு உஷ்ணம் ஆகாது. அன்று ஒரு நாள் மட்டும் ஏசி அறையில் உட்காரவைத்தால் நல்லது என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

பாலகுருவுக்கு நெஞ்சு விரிந்தது. ஒரு கல்யாணத்துக்காக உலகம் ஒரு நாள் காத்திருக்கலாம் என்றான். தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், இப்போதே வந்து கயிற்றை அவிழ்த்துவிடுகிறேன் என்று டம்ளரைக் கீழே வைத்தான்.

ஜீவிதா நகரவில்லை. புஷ்பலதாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"கயிறு இருக்கட்டும்ணா, ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் உங்க ஏசியக் கழட்டித் தருவீங்களான்னு அப்பா கேக்கச் சொன்னாரு. எங்க பெட்டிக்குள்ள மிஷினே கிடையாது, வரன் பாக்க வர்றவங்க தெருவுலேர்ந்தே பாக்கட்டும்னு காயலாங்கடையில வாங்கி மாட்டின வெறும் கூடு அது."