கயிறு கட்டிய கல்

ஒகிமாச்சி நகராட்சியின் கலை வளர்ச்சிப் பிரிவுத் தலைவருக்குக் கலை தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தலைவர் குவபாரா விதிகளை மதிப்பவர்.

அப்போது டோக்கியோவில் கல், மண், மரக்கட்டை எல்லாவற்றையும் செதுக்காமல் அப்படியே கொண்டுவந்து வைப்பதுதான் புதுக் கலை. மேயர் தலைநகர் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

“நமக்கும் ஒரு கண்காட்சி வேணும், குவபாரா. கூட்டம் வரலைன்னா நீங்க கழிவுநீர்ப் பிரிவுக்குப் போயிடுங்க.”

டோக்கியோவிலிருந்து இசோகாய் என்ற இளங்கலைஞர் வரவழைக்கப்பட்டார். ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, கண்காட்சிக் கூடத்தின் வாசல் நடுவில் வைத்தார்.

“இதுல நீங்க என்ன பண்ணீங்க?” என்றார் குவபாரா.

“ஒண்ணும் பண்ணல சார். அதுதான் கஷ்டம்.”

கலைஞர் சினிமாக் கொட்டகை மாடியில் வளர்ந்தவர். தேநீர்ச் சடங்கு நடக்கும் பழைய தோட்டம் எதையும் மிதித்ததில்லை. அந்தத் தோட்டங்களில் பாதை நடுவே கயிறு கட்டிய கல் இருந்தால், அதைத் தாண்டி யாரும் போகமாட்டார்கள். பலகை வேண்டாம், காவலாளி வேண்டாம். ஒகிமாச்சியில் இது எல்லோருக்கும் தெரியும்.

திறப்பு நாளன்று ஊரே நல்ல உடுப்பில் திரண்டு வந்தது. கல்லைக் கண்டது. குனிந்து வணங்கியது. வீட்டுக்குத் திரும்பியது.

“அம்மா, உள்ள வாங்க! இது கலைங்க!” என்று ஒரு பெண்மணியின் பின்னால் ஓடினார் குவபாரா.

“கலையா? அப்போ கண்டிப்பாத் தாண்டக் கூடாதுங்களே!”

குவபாரா கலைஞரிடம் கெஞ்சினார். “ஒரு முழம் தள்ளி வைக்கலாமா தம்பி?”

“தள்ளி வெச்சா அது வேற படைப்பு சார்.”

வேறு படைப்பு என்றால் புதிய ஒப்புதல். ஒப்புதல் குழு அடுத்த வசந்தத்தில்தான் கூடும்.

மேயரும் வந்தார், வணங்கினார், திரும்பினார். மறுநாள் பத்திரிகையில் விமரிசகர் ஒருவர், ‘உள்ளே நிலவும் வெறுமை உலகத் தரமானது’ என்று எழுதினார். அவரும் உள்ளே போகவில்லை.

மேயருக்குப் பொறி தட்டியது. “ஒரு கல்லு ஊரையே திருப்பி அனுப்புதே! குறைதீர்ப்புப் பிரிவு வாசல்ல ஒண்ணு போடுங்க!”

ஒரே வாரத்தில் ஊரில் குறைகள் ஒழிந்தன. உடனே எல்லாப் பிரிவுகளும் கல் கேட்டன. குவபாராவே ஆற்றில் இறங்கிப் பொறுக்கி, தன் கையாலேயே கட்டி, ராத்திரியோடு ராத்திரியாக வைத்து முடித்தார். ஆனாலும் விதி விதிதான். கண்காட்சிக்குள் ஒருவரும் நுழையாததால் மாற்றல் உத்தரவு தயாராகிறது என்று காலையில் சேதி வந்தது.

கொதித்துப்போய்ப் பணியாளர் பிரிவுக்கு ஓடினார். வாசலில் அவர் கட்டிய கல். கால் நின்றுவிட்டது. பக்கத்தில், பணியாளர் பிரிவுத் தலைவர் மிசுகோஷி கையில் சாப்பாட்டு டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார்.

“நீங்க ஏன் சார் வெளியில நிக்கிறீங்க?”

“நான் வர்றதுக்கு முன்னாடியே வெச்சுட்டீங்களேய்யா!”

“என் மாற்றல் உத்தரவு?”

“மேஜை மேல இருக்கு. முத்திரை குத்தினாத்தான் செல்லும். முத்திரையும் உள்ளதான் இருக்கு.”

“மேயர்கிட்டச் சொல்லலாமே?”

“அவரும் மாடி வராந்தாவுலதான் நிக்கிறார்.”

குவபாரா சற்று யோசித்தார். பிறகு குனிந்து, கயிற்றின் முடிச்சை நன்றாக இறுக்கினார்.