மைத்துனர் பளிங்கைவிட ஒரு விரற்கடை பெரிது

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கு நீங்களும் உங்கள் கணப்படுப்பைச் சுற்றி நிற்கும் பளிங்கும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பளிங்கின் இடது மூலையில் விரிசல் விட்டிருப்பதைப் போன முறையே கவனித்தேன். மரியாதை கருதிச் சொல்லவில்லை.

போன குளிர்காலத்தில் உங்கள் வீட்டுக் கணப்படுப்பின் முன்னால், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில், "மாப்ளே, உங்க வீட்டுல இருக்கறது கணப்பா, எலி வளையா?" என்று கேட்டீர்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. செங்கல் சுவரில் ஓர் ஓட்டை, அதில் நெருப்பு. அதுவரை எங்களுக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. இனிப் போதாது. இந்தக் குளிருக்கு நீங்கள் இங்கே வரவேண்டும், என் கணப்பைச் சுற்றி நிற்கப்போகும் கல்முகப்பைப் பார்க்கவேண்டும், அதே வாயால் "நல்லாருக்கு" என்று சொல்லவேண்டும். அதற்குமேல் இந்த உறவில் எனக்கு எதுவும் வேண்டாம்.

மரத்தில் செய்யலாம் என்றார்கள். நெருப்புக்குப் பக்கத்தில் விறகை அலங்காரம் செய்து நிறுத்துவானேன் என்று விட்டேன். பளிங்கு, நீங்கள் வைத்திருப்பதாலேயே வேண்டாம். செதுக்கிய கல்லின் கனத்தை என் தரை தாங்காது. கடைசியில் வார்ப்புச் சுண்ணாம்புக்கல்லில் வந்து நின்றேன்: கல்லைப் பொடித்து, சிமெண்டோடு குழைத்து, அச்சில் ஊற்றி எடுப்பது. மாவுக்கல்லா என்று சிரிக்க வேண்டாம். சூட்டைத் தாங்கும், எரியாது, தொட்டால் வழுக்காமல் மெத்தென்று இருக்கும். மாதிரித் துண்டு ஒன்றை வாங்கிவந்து கணப்பருகே நிறுத்தி, எவ்வளவு சூடு ஏறுகிறது என்று சாயங்காலம் முழுக்கத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கல்லுக்குக் காய்ச்சலா, தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க?" என்றாள் உங்கள் தங்கை. குடும்ப நாக்கு. அதோடு விட்டாளா, அதன்மேலேயே டீ டம்ளரை வைத்துவிட்டுப் போனாள், வட்டமாகக் கறை. கல் வார்க்கும் பட்டறைக்காரரிடம் சண்டைக்குப் போனால், மேல்பூச்சு இல்லாத கல் எதையும் குடிக்கும் சார், பூசித்தான் தருவோம் என்று சொல்லி, பூசிய துண்டில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார், முத்து முத்தாக உருண்டு ஓடியது. பிறகு நிறம். சாம்பல் அவளுக்கு அழுக்காம், வெள்ளை ஆஸ்பத்திரியாம், இளமஞ்சளைக் காட்டினால், "எங்க அண்ணன் பல்லு மாதிரி இருக்கு" என்றாள். இளமஞ்சளையே எடுத்தேன்.

பட்டறைக்காரர், நானே வீட்டுக்கு வந்து அளக்கிறேன், வார்த்தபிறகு திரும்ப எடுக்கமாட்டேன் என்றார். படித்தவனுக்கு அளவெடுக்கத் தெரியாதா? போன முறை எல்லோரும் சாப்பிட எழுந்தபோது நான் மட்டும் உங்கள் கூடத்தில் பின்தங்கினேனே, மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை. உங்கள் பளிங்கை அளந்துகொண்டிருந்தேன், நெருப்பெரியும் உள்வாய் உட்பட. வெளி உயரம், வெளி அகலம் இரண்டிலும் ஒரு விரற்கடை கூட்டி அளவுத் தாளைக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே தவறாமல் வாருங்கள். உங்கள் முதுகு என்றும் குளிராமல் இருக்கட்டும், வாய் சற்றே ஓய்வெடுக்கட்டும். துணைவியாருக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் கல் வந்துவிட்டது. அழகென்றால் அழகு. ஆட்கள் என் கணப்பின்முன் நிறுத்திப் பார்த்தார்கள். நெருப்புக்கும் கல்லுக்கும் நடுவே இருபுறமும் எங்கள் பூனை தாராளமாக வந்துபோகிறது. அளந்தது உங்கள் கணப்பை, என்னுடையதை அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. உங்கள் தங்கை தரையில் உட்கார்ந்து சிரித்து முடித்துவிட்டு, "அண்ணன் வீட்டுக்கு அச்சாப் பொருந்தும், அங்கதான் விரிசல் விட்டிருக்கே" என்றாள். எனவே நீங்கள் வரவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை லாரியில் ஏற்றிக்கொண்டு நானே வருகிறேன். பளிங்கைக் கழற்றி வையுங்கள். மட்டம் நான்தான் பார்ப்பேன். அந்த "நல்லாருக்கு"வை அங்கேயே வாங்கிக்கொண்டு திரும்புகிறேன்.