மூன்றாம் நாள் ஆட்டுக்கறி

தண்ணீர்த் தொட்டியின் மேல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிருஷாந்தி, தான் கண்ணால் பார்த்திராத ஒரு கப்பலில், தான் வாயில் வைத்திராத ஓர் ஆட்டுக்கறிக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வேறெங்கும் சிக்னல் கிடைக்காது. தொட்டியின் வடக்கு மூலையில் மட்டும் இரண்டு கோடு காட்டும். அதனால் ‘கடல்ராணி’ என்ற மலிவு விலை உல்லாசக் கப்பலின் வாடிக்கையாளர் தொடர்புப் பிரிவு, தமிழ்ப் பகுதி, மூன்று மாதமாகக் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அந்த மூலையில்தான் இயங்கிவந்தது. அந்தப் பகுதியில் ஒரே ஊழியர்தான். இரசாயனவியல் பட்டதாரி. கடலைப் பார்த்ததில்லை.

கடிதம் இப்படி இருந்தது:

“பன்னிரண்டு வருடங்களாகத் தங்கள் கப்பலில் பயணம் செய்கிறேன். 2014இல், மூன்றாம் நாள் பகல், நான் உண்ட ஆட்டுக்கறி இன்னும் என் நாக்கில் நிற்கிறது. இப்போது நீங்கள் பரிமாறுவது கறியா, கப்பலுக்கு அடிக்கும் தாரா? இப்படிக்கு, செ. நாகரத்தினம், கொழும்பு 13.”

இது அவருடைய ஒன்பதாவது கடிதம். கொழும்பு அலுவலகத்திலிருந்து மனேஜர் கஜேந்திரன் காலையிலேயே அழைத்துவிட்டார்.

“கிருஷாந்தி, அந்த நாகரத்தினம் ஐயாவ எப்படியாச்சும் சமாதானப்படுத்துங்க. திங்கக்கிழம உங்க ஃபைல் மேல போகுது. நிரந்தரமாக்குறதா, வீட்டுக்கு அனுப்புறதான்னு கேப்பாங்க.”

“நான் வீட்டுலதான் சார் இருக்கேன்.”

“அது சரி. வேலையோட இருக்கிறதா, வேலையில்லாம இருக்கிறதான்னு வச்சுக்குங்க.”

கிருஷாந்திக்குப் பேசத்தான் கூச்சம். எழுதக் கூச்சமே இல்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் எழுதினாள்: “அறுபது வயதுக்குப் பின் மனித நாக்கின் சுவை மொட்டுகள் குறைவது இயல்பு. ஆகவே, குறைந்தது கறியின் தரமாக இருக்க வேண்டியதில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

அனுப்பிவிட்டுத் தொட்டியிலிருந்து இறங்கித் தேநீர் குடித்தாள். திரும்பி ஏறியபோது போன் சூடாக இருந்தது.

நாகரத்தினம் அந்தப் பதிலை அப்படியே ‘கடல்ராணி பழம்பயணிகள்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். குழுவில் நூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் ஆக இளையவருக்கு அறுபத்தொரு வயது.

“என் நாக்கை அளந்து பார்த்தீர்களா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். “என் நாக்கு நன்றாக இருக்கிறது, வேண்டுமானால் என் மருமகளைக் கேளுங்கள்” என்று ஓர் அம்மாள் எழுதியிருந்தார்.

கஜேந்திரன் மறுபடி அழைத்தார்.

“விஞ்ஞானம் வேணாம்மா. மன்னிப்பு மட்டும் போதும். மொட்டு, பூவு, காயெல்லாம் வேணாம்.”

மன்னிப்புக் கேட்டாள். ஆனால் வெறும் மன்னிப்பு அவளுக்கு அரைகுறையாகப் பட்டது. எனவே ஒரு வரி சேர்த்தாள்: “எந்த வருடம், எந்த நாள், எந்த உணவு சுவையாக இருந்தது என்று ஒவ்வொருவரும் எழுதி அனுப்பினால், குறையைக் கண்டுபிடித்துத் திருத்துவோம்.”

நூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுதினார்கள். சிலர் இரண்டு தடவை.

பழைய கொப்பி ஒன்றில் கோடு போட்டு அட்டவணை தயாரித்தாள். இருட்டுவதற்குள் முடிவு தெளிவாகத் தெரிந்தது. 2016 வரை சாப்பாடு அமிர்தம். அதற்குப் பிறகு தார். அமிர்தம் என்று சொன்னவர்கள் எல்லோரும் மூன்றாம் நாளைத்தான் சொன்னார்கள். முதல் இரண்டு நாட்களைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி, ஒரே வரிதான் எழுதியிருந்தார்கள்: “அறையில் ஓய்வெடுத்தோம்.”

பணக்காரர்கள் நன்றாக ஓய்வெடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு, விஞ்ஞானப் பட்டதாரி எடுக்க வேண்டிய முடிவை எடுத்தாள். மூன்றாம் நாளுக்கென்று தனியாக ஒரு திறமைசாலிச் சமையல்காரர் இருந்திருக்கிறார்!

“அந்தப் பழைய மூன்றாம் நாள் சமையல்காரரைத் தேடிப்பிடித்து உங்கள் முன் நிறுத்துவோம்” என்று குழுவுக்கு எழுதினாள்.

பத்தே நிமிடத்தில் ஐம்பத்தெட்டுப் பேர் அடுத்த பயணத்துக்கு இடம் பதிந்தார்கள். பதினோராவது நிமிடம் கஜேந்திரன் அழைத்தார். குரல் கீச்சென்றிருந்தது.

“கப்பல்ல எப்பவும் ஒரே ஒரு பெரிய குக்குதான்மா! மூணாம் நாளைக்குன்னு தனியா ஒருத்தரு எப்படி வருவாரு? நீந்திக்கிட்டா?”

“அப்ப 2016 வரைக்கும் இருந்தது யாரு சார்?”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “வீரய்யான்னு ஒருத்தரு. விலாசம்… றொசல்ல. அட, உங்க பக்கம்தானே?”

“ரெண்டு ஸ்டேஷன் சார்.”

“நாளைக்கே போங்க. அந்த ஆளு கெடைக்கலைன்னா நீங்களே தொப்பிய மாட்டிக்கிட்டு கப்பல்ல ஏறணும்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மலையில் கொழுந்து பறிக்கும் வேலை இல்லாததால் அம்மா ஜீவராணியும் கூட வந்தாள். தெரியாத ஆண் பிள்ளையின் வீட்டுக்கு மகளைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனமில்லை.

“கப்பல் வேலைன்னு சொல்லிட்டு ட்ரெயின்ல கூட்டிட்டுப் போற.”

“ஒரு ஆளப் பாக்கப் போறோம்மா.”

“மாப்பிள்ளையா?”

“குக்கு.”

“குக்கு மாப்பிள்ளையா?”

“அவருக்கு அறுபத்தஞ்சு வயசும்மா!”

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. பெட்டி இருண்டது. இருட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

“பொண்டாட்டி இருக்காளா?”

இருந்தாள். பெயர் ராக்காயி. றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே, வீட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே கைகாட்டினாள். உள்ளே சுவரில், பிள்ளையார் படத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில், உயரமான வெள்ளைத் தொப்பி ஒன்று ஆணியில் தொங்கியது. அதற்கும் பொட்டு வைத்திருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் வீரய்யாவின் நெஞ்சு இரண்டங்குலம் விரிந்தது.

“பதினோரு வருஷம் கப்பல்ல! என் கறிய அழுதுக்கிட்டே தின்னாங்க, மகள். தட்ட நக்குனாங்க. பெரிய பெரிய ஆளுங்க!”

“அப்புறம் ஏங்க விட்டுட்டு வந்தீங்க?”

“ரெண்டாயிரத்துப் பதினாறுல கப்பலுக்கு அடியில ஒரு மெஷின பூட்டுனாங்க. றெக்க மாதிரி. அதோட ஆட்டம் நின்னு போச்சு. ஆடாத கப்பல்ல எனக்கு தூக்கம் புடிக்கல. வந்துட்டேன்.”

வாசலில் ராக்காயி மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினாள். கீரையில் பூச்சி இருந்ததோ என்னவோ.

கிருஷாந்தி கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சிக்னலைக் கண்டுபிடித்து, நல்ல செய்தியைச் சொன்னாள். கஜேந்திரனிடம் அதைவிடப் பெரிய செய்தி இருந்தது.

“நாகரத்தினம் ஐயா அஞ்சு கூட்டாளிமாரோட நுவரெலியாவுலதான் நிக்கிறாரு. நீங்க றொசல்லைக்குப் போறத குழுவுல போட்டேன். வேன் புடிச்சு இப்பவே கெளம்பிட்டாங்க. மத்தியானத்துக்குள்ள கறி ரெடியாகணும். அவரு நல்லாருக்குன்னா நீங்க நிரந்தரம். இல்லைன்னா…”

கோழி ஒன்று குறுக்கே போனது. சிக்னல் அறுந்தது.

வீரய்யா தொப்பியை எடுத்து முருகனைக் கும்பிட்டுத் தலையில் மாட்டிக்கொண்டார். பக்கத்துக் கடையிலிருந்து ஆட்டிறைச்சி வந்தது. அவர் கரண்டி பிடித்த விதமே தனி. கண்ணை மூடிக்கொண்டு உப்பைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டு போட்டார்.

கிருஷாந்தி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். கடலைப் பார்த்திராதவளுக்கு அதன் ருசி தெரிந்துவிட்டது.

“அம்மா,” என்றாள் மெதுவாக. “ஒரே உப்பு.”

“உருளக்கெழங்கப் போடு. இழுத்துக்கும்.”

போட்டார்கள். கிழங்கு உப்பை இழுக்கவில்லை. கரைந்து கறியோடு சேர்ந்துகொண்டது. உப்பை மறைக்க அம்மா புளி கரைத்து ஊற்றினாள். இப்போது உப்பும் இருந்தது, பல்லும் கூசியது.

“புளிப்புன்னா அமிலம்,” என்று கிருஷாந்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று வருடம் படித்தது இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று தோன்றியது. சுவர்த் தட்டில் அப்பச்சோடா டின் இருந்தது. அரைக் கரண்டி போதும். பதற்றத்தில் இரண்டு கரண்டி விழுந்தது.

கறி ஒரு கணம் யோசித்தது. பிறகு நுரைத்துக்கொண்டு எழும்பியது. சட்டியைத் தாண்டியது. அடுப்பில் இறங்கியது. அடுப்பு அணைந்தது.

“ஏன்டி,” என்றாள் ஜீவராணி, “இது திங்கவா, உடுப்பு தோய்க்கவா?”

மிஞ்சிய கறி சேற்று நிறத்தில் இருந்தது. மழை பெய்து ஓய்ந்த தோட்டத்துப் பாதை போலவே இருந்தது. வீரய்யா அதில் விரலைத் தோய்த்து ருசி பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இதேதான்! கொஞ்சம் அடிப்பிடிச்சா முழுசா வந்துரும்.” அடுப்பை மறுபடி மூட்டினார். அதுவும் வந்தது.

கிருஷாந்தி ஓரமாக உட்கார்ந்து, கற்பனையில் தன் ராஜினாமாக் கடிதத்தை எழுதினாள். ‘அன்புள்ள ஐயா’ வரை வந்தபோது வெளியே ஹோர்ன் சத்தம் கேட்டது.

வேனிலிருந்து ஆறு பேர் இறங்கினார்கள். இறங்கினார்கள் என்பதைவிட, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வழிந்தார்கள். ஓர் அம்மாள் வாசற்படியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முன்னால் வந்த மெலிந்த மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டார். முகம் வெண்டைக்காய்ப் பச்சை.

“நான்தான் நாகரத்தினம்,” என்றார் ஈனமான குரலில். “கொஞ்சம் சொணங்கிருச்சு, மகள். வழியில… அங்கங்க… ஓய்வெடுத்துக்கிட்டு வந்தோம்.”

அந்த வரியை எங்கேயோ படித்த மாதிரி இருந்தது அவளுக்கு. யோசிக்க நேரமில்லை. வீரய்யா தொப்பியைச் சரிசெய்துகொண்டு ரொட்டியும் கறியும் வைத்துவிட்டார்.

நாகரத்தினம் ரொட்டியைப் பிய்த்தார். கறியில் தோய்த்தார். வாயில் வைத்தார்.

கிருஷாந்தி பிள்ளையாரைப் பார்த்தாள். பிள்ளையார் வேறு பக்கம் பார்ப்பதாகப் பட்டது.

நாகரத்தினத்தின் கண்கள் கலங்கின. உப்பாக இருக்கும் என்று நினைத்தாள்.

“இதுதான்,” என்றார். குரல் உடைந்தது. “இதேதான்! ரெண்டாயிரத்துப் பதினாலு! சாப்பிட்டுப் பாருங்கப்பா, கடைசியில வர்ற அந்த சோப்பு வாசம்கூட அப்படியே இருக்கு!”

ஐந்து பேரும் பாய்ந்தார்கள். வாசற்படி அம்மாள் எழுந்து வந்து இரண்டு தடவை போட்டுக்கொண்டார். சட்டி வழிக்கப்பட்டது. அடிப்பிடித்த பகுதிக்கு இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். ஜீவராணி வாயைத் திறந்தபடி நின்றாள்.

நாகரத்தினம் கோழிக்கூட்டுப் பக்கம் போய்த் தானே கஜேந்திரனுக்கு அழைத்தார். “எங்க நாக்குல ஒரு கொறையும் இல்ல தம்பி. கப்பல் சாப்பாடுதான் கெட்டுப்போச்சு. இன்னிக்கு நிரூபணமாயிருச்சு. இந்தப் புள்ளைய விட்டுறாதீங்க!”

போன் கிருஷாந்தியின் கைக்கு வந்தது.

“வாழ்த்துக்கள்மா! நிரந்தரம்! வீரய்யா அண்ணனயும் திரும்பக் கப்பல்ல ஏத்துறோம். ஒரு ஃபோம் அனுப்பியிருக்கேன், அத மட்டும் நிரப்பிருங்க. நாளைக்கு டிரெக்டர்மாருக்குப் போகணும்.”

படிவத்தில் ஒரே கேள்விதான் இருந்தது. ‘உணவின் தரம் குறைந்ததற்கான காரணம் (ஒரு வரியில்).’

அவள் எழுதினாள்: ‘திறமைமிக்க சமையல்காரர் விலகிச் சென்றமை.’ படித்துப் பார்த்தாள். அட்டவணையோடு பொருந்தியது. வருடமும் பொருந்தியது. அனுப்புவதற்குப் பெருவிரலைத் தூக்கினாள்.

அப்போது வேன் சாரதி மூக்கன் வாளியோடு வாசலுக்கு வந்தான்.

“அக்கா, இன்னொரு வாளி தண்ணி குடுங்க. வேனுக்குள்ள கழுவி முடியல.”

“மூணு வாளி கொண்டு போனியேப்பா,” என்றாள் ராக்காயி.

“என்ன செய்யச் சொல்றீங்க? நானுஓயாவுல ஆரம்பிச்சாங்க. வளைவுக்கு ஒருத்தரு. வேன நிப்பாட்டுறதுக்குள்ள அடுத்தவரு. அட்டன் தாண்டுறப்ப ஆறு பேரு வயித்துலயும் பச்சத் தண்ணிகூட மிச்சமில்ல.”

கிருஷாந்தியின் பெருவிரல் அந்தரத்தில் நின்றது. உள்ளே வீரய்யா தொப்பியோடு நின்று எல்லோருடனும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

ராக்காயி வாளியை நிரப்பி மூக்கனிடம் நீட்டினாள்.

“கப்பல்லயும் இதே கததான் தம்பி. ரெண்டு நாளு வாந்தியெடுத்துட்டு மூணாம் நாளு எந்திரிக்கிறவங்களுக்கு எதப் போட்டாலும் அமிர்தம். அந்த மெஷின பூட்டி ஆட்டம் நின்னப்புறம்தான், இந்த மனுஷன் எப்படி சமைக்கிறாருன்னே அவங்களுக்கு தெரிஞ்சுச்சு.”