மாப்பிள்ளைக் குதிரையின் சேணப் பராமரிப்பு

"பழக்கமில்லாத எந்தப் பொருளையும் பராமரிக்கத் தொடங்கும் முன், அதைத் தயாரித்தவரிடம் எழுத்து மூலம் விளக்கம் பெற வேண்டும். பதில் வரும்வரை பொருளைத் தொடக் கூடாது."

சுரங்கத்தின் கன்வேயர் பராமரிப்புப் பிரிவில் நான் இருந்த காலம் முழுக்க அமலில் இருந்த விதி இது. எழுதியவன் நான். மீறியவர்களுக்கு மெமோ கொடுத்தவனும் நான். எனக்கே ஒன்று வந்திருக்க வேண்டும். நல்லவேளை, அதற்குள் ரிட்டயராகிவிட்டேன்.

வாட்ஸ்அப் எங்கள் தெருவுக்குள் நுழைந்த புதிதில் என் பெண் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சரவணனின் அம்மா வடலூரில் ஆங்கில டீச்சர். கணவர் இல்லை. சீர் என்று எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு ஆசைதான் சொன்னார்.

"அவங்க அப்பா இருந்தா செஞ்சிருப்பாருங்க. மாப்பிள்ளை அழைப்புக்கு எம் புள்ள குதிரையில வரணும். வெள்ளை ஷெர்வானி நானே தைக்கக் குடுத்துட்டேன்."

குதிரை என் பொறுப்பு என்றேன். (யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.)

காடாம்புலியூரில் அந்தோணி என்பவர் கல்யாணங்களுக்குக் குதிரை விடுகிறவர். போய்ப் பார்த்தேன். குதிரையில் குறையில்லை. சேணம்தான் வறண்டு வெடித்திருந்தது. வார்களை மடக்கினால் அப்பளம் மாதிரி சத்தம் வந்தது.

"மழைக்கு அப்புறம் கவனிக்காம உட்டுட்டேன் சார். எண்ணெய் போட்டா சரியாப் பூடும்."

"எவ்வளவு எண்ணெய்?"

"தோலு குடிக்கிற அளவு. மிச்சத்தத் தொடச்சிடணும்."

"அதுதான் எவ்வளவு?"

"கைக்கே தெரியும் சார். எத்தினி வருசமா போட்டுகினு இருக்கேன்."

கைக்குத் தெரிகிற அளவு எந்தக் கையேட்டிலும் கிடையாது. சேணத்தின் அடியில் கான்பூர் கம்பெனி ஒன்றின் முத்திரை தேய்ந்து கிடந்தது. அந்த முகவரிக்கு, எண்ணெயின் வகை, அளவு, உலர்த்தும் முறை ஆகியவற்றைக் கேட்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன்.

"யூட்யூப்ல இருக்குப்பா, மூணு நிமிஷ வீடியோ," என்றாள் கவிதா.

"கையெழுத்து இல்லாத ஆவணத்தை நான் ஏத்துக்கறதில்ல."

ஒப்புகை அட்டை ஒழுங்காகத் திரும்பி வந்தது. பதில் வரவில்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, விதியை மடித்து வைத்துவிட்டுச் சேணத்தை வீட்டுக்கு வாங்கி வந்தேன்.

விளக்கெண்ணெய்தான் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. அளவுக்கு, எனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பின்பற்றினேன். பேரிங்குக்கு கிரீஸ் அடிக்கும்போது, பழையது வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். அதே மாதிரி, சேணத்தின் மேல்பக்கம் விட்ட எண்ணெய் அடிப்பக்கம் எட்டிப் பார்க்கும்வரை விட்டேன். துடைக்கவில்லை. (துடைத்தால் வீண்தானே?) பிறகு காற்றோட்டத்துக்காக மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன்.

என் மனைவி தனம், கொடியிலிருந்து துணிகளை வாரிக்கொண்டு எதிரே இறங்கி வந்தாள்.

"காத்து பிளான்ட் பக்கத்துலேருந்து திரும்பிடுச்சு. நான் துணியே எடுத்துட்டேன், நீங்க எதுக்கு அத மேல ஏத்துறீங்க?"

"இது துணியில்ல. தோல்."

"அது சாம்பலுக்குத் தெரியுமா?"

இந்த ஊரில் காற்று அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து அடித்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கொடியைப் பார்த்து ஓடும். நான் சாப்பிடப் போனேன்.

இரண்டு நாள் சேணம் மாடியில் இருந்தது. இறக்கியபோது அபாரமான கறுப்பு. தோல் மெருகேறிவிட்டது என்று முடிவு செய்தேன். தொட்ட விரலும் மெருகேறியிருந்தது, லுங்கியில் துடைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம், அந்தோணி சேணத்தை ஒரு தடவு தடவிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சார், மேல வெல்வெட்டுத் துணி போட்டுடலாங்க."

"இவ்வளவு பாடுபட்டத மூடுவானேன்?"

"இல்ல சார், போட்டுடலாம்."

"வேணாம்னு சொல்றேன்ல?" (பழைய ஆபீஸ் குரல். அந்தோணி என் கீழ் வேலை பார்த்தவரில்லை. ஆனாலும் பலித்தது.)

பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம்வரை சரவணன் ராஜகுமாரனாக வந்தார். சம்பந்தியம்மா குதிரையோடு கூடவே, கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தார். வாசலில் இறங்கினார் மாப்பிள்ளை. ஆரத்தி எடுத்தார்கள். உள்ளே போகத் திரும்பினார்.

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார்.

ஷெர்வானியின் பின்பக்கத்தில் சேணம் முழுதாக, ஓரத்துத் தையல்வரை, ரப்பர் ஸ்டாம்பு குத்தியதுபோல் பதிந்திருந்தது. வரைபடம் என்ற முறையில் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"சரவணா, நில்லு." சம்பந்தியம்மா விரலால் தொட்டார். முகர்ந்தார். என்னைப் பார்த்தார். "இது என்னங்க?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

"விளக்கெண்ணெய்ங்க," என்றேன். "கலப்படம் இல்லாதது."

அவர் தோளிலிருந்த சால்வையை எடுத்து மகனின் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

"முன்பக்கமாவே எடுத்துக்கலாம் சார்," என்று போட்டோகிராபர் என்னைத் தேற்றினார். ஆல்பத்தில் எங்கள் மாப்பிள்ளைக்கு முதுகு கிடையாது. இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால், எந்த நாற்காலியையும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். கவிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

சம்பந்தியம்மா மட்டும் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. வருவார், சாப்பிடுவார், "வரேங்க" என்று கிளம்புவார். மெமோ கொடுத்திருந்தால் விளக்கம் எழுதியிருப்பேன்.

பேரன் பிறந்தான். தவழ்ந்தான். ஒருநாள் வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது தபால்காரர் கான்பூர் உறை ஒன்றை நீட்டினார். என் கடிதம் ஏற்றுமதிப் பிரிவுக்குப் போய்விட்டதாம், தாமதத்துக்கு வருந்தினார்கள். கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. சம்பந்தியம்மா கையை நீட்டினார். கொடுத்தேன். டீச்சர் குரலில் தமிழாக்கிப் படித்தார்.

"எண்ணெய மெல்லிசா தடவி, மிச்சத்தத் தொடச்சிட்டு, தூசி படாத அறையில வைக்கணும்." அடுத்த வரியில் நின்றார். "உபயோகிக்கிறதுக்கு முன்னாடி, சுத்தமான வெள்ளைத் துணியால ஒரு தடவை அழுத்தித் தேச்சுப் பாக்கணுமாம்."

கடிதத்தை இறக்கி என்னைப் பார்த்தார்.

"அது ஒண்ணுதான் சம்பந்தி, நாம விதிப்படி செஞ்சது."

முதலில் சிரித்தவரும் அவர்தான். மறு கையில் கேக் வெட்ட வைத்திருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பழக்க தோஷம், உறையின் மூலையில் பேனாவால் குறித்து வைத்தேன். பதில் பெறப்பட்டது: பேரனின் முதல் பிறந்தநாள், முற்பகல்.