காற்புள்ளியாரின் இடமாற்றம்

மார்ச் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வெளியே தூறல். உள்ளே, அலுவலகத்தின் தலைமைக் கணினியில் ஒரு சிவப்பு வட்டம். அதனருகே, 'நிறுவ இயலவில்லை. ரன்டைம் லைப்ரரி காணப்படவில்லை' என்னும் வாசகம்.

தலைமை எழுத்தர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். வாசகத்தில் பிழையில்லை. அதுவே அவருக்கு மேலும் எரிச்சலூட்டியது.

அலுவலகத்தில் அவருக்குக் காற்புள்ளியார் என்று பெயர். ஒரு காற்புள்ளி இடம் மாறி நின்றாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் மனைவி, பேருந்தில் ஆறு மணி நேரத் தொலைவிலுள்ள ஊரில் செவிலி. ஆகவே அவர் வார இறுதியில் மட்டுமே குடும்பஸ்தர். அவ்வூர்க் கிளையில் இப்போது ஓர் இடம் காலி. இன்று மாலைக்குள் இயக்குநர் ஒப்புதல் தந்தால் அது அவருக்கு, இல்லையேல் வேறொருவருக்கு. ஒப்புதல்கள் யாவும் இன்றுமுதல் புதிய மென்பொருள் வழியாகவே பெறப்பட வேண்டும் என்றது சுற்றறிக்கை. அந்தச் சுற்றறிக்கையை எழுதியவரே அவர்தாம்.

கணினி பழுதுபார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அது பொதுச் சாமான் சார். பத்து வீட்டுக்கு ஒரே தண்ணித் தொட்டி இருக்கும்ல, அந்த மாதிரி. பல சாப்ட்வேரும் அதுலேர்ந்துதான் எடுத்துக்கும். உங்க கம்ப்யூட்டர்ல இல்ல. இறக்கிப் போட்டுடுங்க."

போட்டார். மீண்டும் சிவப்பு வட்டம்.

"எதைப் போட்டீங்க சார்?"

"அறுபத்து நாலு பிட்."

"அது கேக்குறது முப்பத்திரண்டு."

"கேட்டதைப் போல ரெண்டு மடங்கு கொடுத்திருக்கேனே தம்பி, இன்னும் என்ன வேணுமாம்?"

"செருப்பு மாதிரி சார். பெருசா இருந்தாலும் காலுக்கு ஆகாது."

முப்பத்திரண்டைப் போட்டார். 'இதனினும் புதிய பதிப்பு ஏற்கெனவே உள்ளது' என்று கணினி அதை மறுத்தது. இல்லையென்று அழுததும் அதுவே. இருக்கிறதென்று அலுத்துக்கொள்வதும் அதுவே. முன்னுக்குப் பின் முரணாகப் பேசுபவரை அவர் மன்னித்ததில்லை.

உள்ளே இருப்பவற்றின் பட்டியலைத் திறந்தார். ஒரே பெயருடைய லைப்ரரிகள், வெவ்வேறு ஆண்டுகளைச் சுமந்துகொண்டு வரிசையாக நின்றன. கூறியது கூறல்! அவர் கை துறுதுறுத்தது. கடைசி ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றையெல்லாம் நீக்கினார்.

முதலில் கணக்காளர் அம்மா வந்தார். "சார், சம்பள சாப்ட்வேர் திறக்கவே மாட்டேங்குது. எதையாவது தொட்டீங்களா?"

"தொடலைம்மா. சுத்தம் பண்ணினேன்."

"அதுக்குத் தொட்டிருந்தாலே தேவலை."

பிறகு பிரிண்டர் படுத்தது. பிறகு, விரல் வைத்தால் திறக்கும் கண்ணாடிக் கதவு எவர் விரலையும் அடையாளம் காண மறுத்தது. கதவுக்கு அப்பால், தம் பத்து விரல்களையும் வைத்துப் பார்த்துவிட்ட இயக்குநர் அடுத்து என்ன செய்வதென்று அறியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் தூக்கிட்டீங்களா? ஐயோ சார்!" என்றார் பழுதுபார்ப்பவர், தொலைபேசியில். "ஒவ்வொரு சாப்ட்வேருக்கும் அது பொறந்த வருஷத்து லைப்ரரிதான் வேணும். புதுசு இருக்குன்னு பழசைத் தூக்கலாமா?"

"நீ ஒரு நடை வந்துட்டுப் போயேன் தம்பி."

"கண்டிப்பா சார். வெள்ளிக்கிழமை வரேன்."

தொலைபேசியை வைத்ததும் மனைவி அழைத்தார். "என்னங்க, கையெழுத்து ஆச்சா?"

"இன்னும் இல்லை. லைப்ரரி கிடைக்கலை."

"ஆபீஸ் நேரத்துல லைப்ரரிக்கு எதுக்குப் போனீங்க? இங்க உங்களுக்குன்னு வீட்டுச் சாவி ஒண்ணு புதுசா அடிச்சு வச்சிருக்கேன். வந்து சேருற வழியைப் பாருங்க."

சாவி என்ற சொல் அவரை உலுக்கியது. சட்டைக் கையை மடித்துக்கொண்டார். மிகப் பழைய ஆண்டிலிருந்து தொடங்கி, ஆண்டுக்கு இருவகையாக, வரிசை பிறழாமல் ஒவ்வொன்றாகப் போட்டார். இடையிடையே கணினியை அணைத்து எழுப்பினார். சம்பள மென்பொருள் கண் விழித்தது. கதவு திறந்தது, இயக்குநர் கழிப்பறை இருந்த திசையில் விரைந்தார். மாதக்கணக்கில் நீலத்தையே மறந்திருந்த பிரிண்டர் நீலத்தைத் துப்பியது. இறுதியாகப் புதிய மென்பொருளும் பச்சைக் குறியுடன் எழுந்து நின்றது. தம் விண்ணப்பத்தை அதில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தால், எதிரே இயக்குநர்.

"எல்லாத்தையும் நீங்களேவா சரி பண்ணினீங்க?"

"ஆமாங்க ஐயா. வரிசையாப் போட்டேன், அவ்வளவுதான்." குரலில் பெருமிதம் எட்டிப் பார்த்தது.

"வெளி ஆள் யாரும் வரலையா?"

"தேவைப்படலைங்க."

இயக்குநர் தலையை மெல்ல ஆட்டியபடியே அறைக்குத் திரும்பினார்.

அலுவலகம் முடியும் வேளையில் இயக்குநரின் ஓட்டுநர் ஓர் உறையுடன் வந்தார். "ஐயா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாருங்க."

"சாப்ட்வேர்ல வரலையா?"

"ஐயாவுக்குப் பேனாதாங்க வசதி."

பிரித்தார். மை இன்னும் காயவில்லை. 'இடமாற்றக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அலுவலகக் கணினிகள் யாவும், இன்றுமுதல் தலைமை எழுத்தரின் பொறுப்பில் இருக்கும்.' கீழே கையெழுத்து. ஒரு காற்புள்ளி அதிகம். அதை அடிக்கவும் அவருக்குக் கை எழவில்லை.

ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார். "காலையிலேயே சரின்னு கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் உங்க கையில குடுக்கலாம்னு எடுத்து வச்சிருந்தாருங்க சார், நீங்க எல்லாத்தையும் சரி பண்ணிட்டீங்கன்னு தெரிஞ்சதும்தான் அதைக் கிழிச்சாரு."