பாதிப் பாட்டில் விழுந்த பொன்னாடை

மயிலேறும் ஐயன் மலரடி போற்றி! என் சொல்லில் பிழை நேர்ந்தாலும் நெஞ்சில் பிழை நேராமல் காத்தருள்வாய்.

இன்று ஆடிக் கிருத்திகை. இத்தகைய நன்னாளில் என் மூடத்தனம் ஒன்றை எழுத அமர்ந்திருக்கிறேன். ("ஆரமிச்சா நிறுத்த மாட்டாரே" என்று உள்ளிருந்து மனைவியின் குரல் வருகிறது.)

உத்திரமேரூரில் பதிகம் ஓதும் சபை ஒன்றுக்கு நான் பல்லாண்டுகள் தலைவனாக இருந்தேன். பாடுபவர் தோளில் பொன்னாடை விழுந்துவிட்டால், அவர் அந்தக் கணமே கைகூப்பி மேடையிலிருந்து இறங்கிவிட வேண்டும் என்பது எங்கள் சபையின் விதி. நேரம் மறந்து பாடுவோரை மனம் நோகாமல் இறக்குவதற்காக நான் இயற்றியது. அப்போது அதில் எனக்குப் பெருமை வேறு!

என் ஆருயிர் நண்பர் ஏகாம்பரம் புகழ்பெற்ற பக்திப் பாடகர். அவர் குரல் ஒலிக்காத கோயில் ஒலிபெருக்கி இப்பக்கத்தில் இல்லை. அவரே ஒருமுறை எங்கள் மேடையில் தம்மை மறந்து பாடிக்கொண்டிருந்தபோது, அவசரப்பட்டுப் பொன்னாடையைப் போர்த்திவிட்டேன். பாதி அடியில் நிறுத்தி, புன்னகையுடன் கைகூப்பி இறங்கிவிட்டார்.

அவருடைய மகன் குமரேசன் சென்னையில் ராக் பாடகன். கையில் மின்சாரக் கிட்டார், தோளில் புரளும் முடி. தந்தை மறைந்து ஓராண்டான ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் மேடையில் பாட அனுமதி கேட்டு வந்தான்.

"பெரியப்பா, அப்பா கடைசியா கட்டுன பாட்டு இது. எனக்கு மட்டுந்தான் சொல்லிக் குடுத்தாரு. வூட்லயே பாடறேன்னா அம்மா வேணாங்குது. அப்பா பாடுன மேடைலதான் கேக்கணுமாம்."

அவன் தாய் சரோஜா அப்போது படுத்த படுக்கை. மருத்துவர்கள் கைவிரித்துவிட்டிருந்தார்கள். எப்படி மறுப்பேன்?

அன்று மாலை அந்த அம்மையாரை ஆட்டோவில் அழைத்து வந்து முதல் வரிசையில் நாற்காலி போட்டு அமர்த்தினார்கள். டிரம்ஸில் முதல் அடி விழுந்ததும் ஏரியில் இருந்த நாரைகளெல்லாம் எழுந்து பறந்தன. (மனைவி இதை இன்றும் மறுக்கிறாள். மறுக்கட்டும்.) என் நண்பரின் பாடலை அந்த இரைச்சலில் என் செவி தேடித் தேடிக் களைத்தது.

"இதுவா ஏகாம்பரம் பாட்டு?" என்று பொருமினேன்.

"செத்த சும்மா இருங்க. சரோஜா தாளம் போட்டுக்கினு கீது பாருங்க" என்றாள் மனைவி.

நான் பார்க்கவில்லை. பொன்னாடையுடன் மேடை ஏறிவிட்டேன்.

அதே சமயம் வாத்தியங்கள் அனைத்தும் ஓய்ந்தன. குமரேசன் கண்களை மூடி, கடைசி அடியைத் தனிக்குரலில் பாட வாய் திறந்தான். இதுவே தருணம் என்று போர்த்தினேன். பொன்னாடையின் சரிகைக் குஞ்சம் கிட்டாரின் முறுக்காணியில் சிக்கிக்கொண்டது. நான் இழுத்தேன், கிட்டாரும் இழுத்தது. காலில் ஒயர் சுற்ற, இடுப்பில் வேட்டி நழுவ, பெரிய டிரம்மின் மீது 'டும்' என்று அமர்ந்தேன். "முருகா, என் வேட்டி!" என்ற என் விண்ணப்பத்தை மைக் பேருந்து நிலையம் வரை கொண்டு சேர்த்தது.

"தாத்தா, ஒன்ஸ்மோர்!" என்று கூட்டம் விசிலடித்தது.

குமரேசன்தான் என்னைத் தூக்கி நிறுத்தி வேட்டியைக் கட்டிவிட்டான். பிறகு கிட்டாரைக் கழற்றிவைத்துக் கைகூப்பினான்.

"பாடுப்பா! நான்தானே சொல்றேன்" என்று பதறினேன்.

"போத்தியாச்சே பெரியப்பா. அப்பாவே எறங்குன மேடை. நான் எப்படிப் பாடறது?"

அதே புன்னகை. இவன் தந்தையின் வழியில் நடக்கவில்லையே என்று ஊரெல்லாம் அங்கலாய்த்தவன் நான். அவன் மேடைப் படியில் இறங்கிய விதத்தைக் காண எனக்குக் கண் கூசியது.

சரோஜாவின் எதிரே போய்க் குனிந்து நின்றேன்.

"அண்ணே, அடிகிடி பட்டுச்சா?" என்று முதலில் கேட்டார். பிறகு, "கடைசி அடிதான பாக்கி? அடுத்த வருச ஆடிக் கிருத்திகைக்குக் கேட்டுக்கறேன்" என்றார்.

ஐப்பசியில் அவர் காலமானார்.

பதினாறாம் நாள், தாயின் படத்தின் முன் அமர்ந்து குமரேசன் அந்த அடியைப் பாடினான். கிட்டார் இல்லை. குரல் ஏகாம்பரத்தின் குரலாகவும் இல்லை, அவனுடையதாகவே இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலருகே நின்று கேட்டேன். மறுநாள் சபை கூடியது. விதியை நானே நீக்கினேன். நீக்கி யாருக்கு என்ன பயன்?

இப்போதெல்லாம் நான் பேச்சை வளர்த்தால், மனைவி குளியல் துண்டை எடுத்து வந்து என் தோளில் போடுவாள். "போத்தியாச்சி, எறங்குங்க" என்பாள். பேரப்பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே கைகூப்புவேன். அந்த ஈரத் துண்டின் கனம் எனக்கு மட்டுமே தெரியும்.

இதோ, துண்டுடன் வந்து நிற்கிறாள். ஆகவே சுருங்கச் சொல்கிறேன்: இதைப் படிப்போர் யாவரும் நீடு வாழ்க! நீங்கள் கேட்க விரும்பும் குரல், கடைசி அடி வரை உங்கள் செவியில் விழுக!