இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீங்கள் சௌக்கியம் என்பதை மாப்பிள்ளை போனில் போட்ட போட்டோவில் பார்த்துக்கொண்டேன். கூப்பிட்டால் "அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால் கடிதம். என் சௌக்கியத்துக்கு நீதிமன்ற உத்தரவே இருக்கிறது, விவரம் கீழே.

உன் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குள் வந்து பார்த்துவிடலாம் என்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன் அல்லவா, அதை விசாரிக்க வந்த போலீஸ்காரர் மூன்று முறையும் காலை பதினோரு மணிக்கு வந்திருக்கிறார். அந்த நேரத்தில் என்னைப் போன்ற குழாய்க்கடைக்காரன் வீட்டில் இருந்தால் அவன் வியாபாரம் விளங்கினாற்போலத்தான். பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார். பதினாறு வருஷமாகச் சுவரோடு சுவராக இருக்கிற மனுஷன், "அங்க யாரும் இருக்கிற மாதிரி தெரியலையே, சத்தமே வராதே" என்றிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மா போனபிறகு அந்த வீட்டில் சத்தம் போட ஆள் ஏது, நான் குக்கர்கூட வைப்பதில்லை. 'இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்று பதிவுத் தபால் வந்தது. நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

அலுவலகத்தில் போய் நின்றால், "நீங்க இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கே, நான் என்ன பண்ணட்டும்?" என்று ஓர் அம்மாள் என் முகத்தைப் பார்த்தே கேட்டாள். வக்கீலைப் பிடித்தேன். ஒரு வார்த்தை கேட்காமல் என்னை இல்லாதவன் ஆக்கியது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். ஒன்பது வாய்தா. அதற்குள் உன் பிள்ளை நடக்கவே ஆரம்பித்துவிட்டது, அதுவும் போட்டோவில்தான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஒன்பது நாளும் என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று, கேட்ட சுகத்தில் ஒருநாள் எழுந்திருக்கவே மறந்து, வக்கீல் முழங்கையால் இடித்தார். கடைசியில் நீதிபதி, "ஆளே இல்லைன்னா லெட்டரை எந்த நம்பிக்கையில அங்க அனுப்பினீங்க?" என்று அரசு வக்கீலைக் கேட்டார். உத்தரவாகி, நேற்று பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் கடையைப் பூட்டிவிட்டுப் புறப்படுகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் மரியாதை, பேரனுக்கு முத்தம். மூவரும் ஒரு குறையுமின்றி இருங்கள்.

இப்படிக்கு,
உத்தரவுப்படி இருக்கிற அப்பா

பி.கு.: புறப்படுகிறேன் என்றேனே, டிக்கெட் எடுக்கவில்லை. இதற்கு முன்னால் மூன்று கடிதம் போட்டும், வா என்று நீ ஒரு வரி எழுதவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அதற்கு மனு உண்டா என்று வக்கீலைக் கேட்டேன். "இதெல்லாம் அரசாங்கத்து மேலதான் போடலாம் ஐயா, பெத்த மக மேல போட முடியாது" என்றார். உனக்குத் தோதுப்படாது என்றால் சொல்லிவிடம்மா. கடையில் சரக்கு இறங்குகிற சமயம், அதனால் போகவில்லை என்று வக்கீலிடம் சொல்லிக்கொள்கிறேன். வேறு யாரும் கேட்கமாட்டார்கள்.